பக்கம் புரட்டுகிற நேரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லா நூலக பீரியடும் உன் தலையில் விழுந்திருக்கிறது, கதை வாசிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். குரலை இன்னும் உயர்த்தலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். சிக்கல் குரலில் இல்லை, நீ நிறுத்துகிற இடங்களில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் எந்தக் கதையும் தாங்காது.

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அதில் மூன்றே இடத்தில் நில். முந்தைய நாளே வாய்விட்டு ஒருமுறை வாசித்து, அந்த மூன்று இடத்திலும் ஒட்டுத்தாள் வைத்து, கேட்கப்போகிற கேள்வியை அதிலேயே எழுதிவிடு. அங்கே வந்து யோசித்தால் வாயில் வருவது "இது என்ன கலர்?" தான். கடிகாரமும் பார்த்துக்கொள்: தனியாக 8 நிமிஷம் ஆனால் வகுப்பில் 12 ஆகும். 40 நிமிஷ பீரியடில் அதற்கு மேல் கொடுக்காதே, புத்தகம் மாற்றிக்கொள்ளக் கால் மணி நேரமாவது வேண்டும். வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு விதி வகுத்துவிட்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் வாசகர்தானே!

பக்கம் புரட்டுவது தனி வித்தை. "கதவு மெல்லத் திறந்தது. உள்ளே..." என்று ஒரு பக்கம் முடிகிறது என்று வைத்துக்கொள். அந்த வரிக்கு வருமுன்பே தாளின் மூலையில் விரலை நுழைத்து வை. "உள்ளே" என்பதைத் தணிந்த குரலில் சொல். மனசுக்குள் இரண்டு எண்ணு. பிள்ளைகள் கழுத்தை நீட்டுவது அந்த அமைதியில்தான். அப்புறம் புரட்டு. புரட்டியதும் வாசிக்கத் தொடங்காதே, ஒரு மூச்சு நேரம் படத்தைப் பார்க்க விடு. புதுப் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரளும், கதையின் முடிச்சு அங்கேயே அவிழ்ந்துபோகும். முன்கூட்டியே ஒவ்வொரு தாளாகப் பிரித்துவிடு.

ஜன்னலுக்கு முன்னால் உட்காராதே. பிள்ளைகளுக்குக் கண் கூசும், படம் இருட்டாகத் தெரியும். ஜன்னல் அவர்கள் முதுகுப் பக்கம் இருந்தால் வழுவழுப்பான தாள் பளபளக்கும், அப்போது புத்தகத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடி. பக்கவாட்டு வெளிச்சம்தான் உத்தமம்.

கேள்விக்கு வருகிறேன். "கதை பிடிச்சிருந்ததா?" என்றால் கோரஸாக "ஆமாஆம்" வரும், அதோடு சரி. "இந்தக் கதையின் நீதி என்ன?" அதைவிட மோசம், அடுத்த கதையிலிருந்து பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு நீதியைத் தேட ஆரம்பிப்பார்கள். "அவள் ஏன் கதவைத் தட்டவில்லை?" என்று கேள். பதில் வரும்வரை ஐந்து எண்ணு. கை தூக்குகிற அந்த நாலு பேரே எப்போதும் பேசினால், பக்கத்தில் இருப்பவரிடம் அரை நிமிஷம் சொல்லச் சொல். ஜோடியை உட்காரும்போதே முடிவு செய்துவிடு, நடுவில் பிரித்தால் சண்டை வரும்.

அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட, பிள்ளையைப் பேசவைத்துக்கொண்டே வாசிக்கும் உரையாடல் வாசிப்பு முறையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். பிள்ளை "நாய்" என்றால், "ஆமா, நனைஞ்சுபோன நாய்" என்று விரித்து, அதையே திரும்பச் சொல்ல வைப்பது. முழு முறையும் பெற்றோர் தம் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து வாசிப்பதற்காக உருவானது. முப்பது பேரிடம் நடத்தப் பார்த்தால் இருபத்தொன்பது பேர் கொட்டாவி விடுவார்கள்.

கடினச் சொல்லுக்கு அகராதி விளக்கம் தராதே. "கலங்கினான், அழுகையே வந்துடுச்சு," என்று அரை வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோ. ஒரு கதைக்கு இரண்டு மூன்று சொல் போதும். எல்லாப் பாத்திரத்துக்கும் தனிக் குரல் கொடுக்கவும் ஆசைப்படாதே, ஆறாம் பக்கத்தில் நரியின் குரல் முயலுக்குப் போய்விடும். இரண்டு குரல் தாங்கும்.

"எனக்கு முடிவு தெரியும்" என்று கத்துகிறவன் எல்லா வகுப்பிலும் உண்டு. அவனை அதட்டாமல் வேலை கொடு: படத்தில் ஒரு எறும்பு எத்தனை பக்கத்தில் வருகிறது என்று ரகசியமாக எண்ணச் சொல், கடைசியில் அவனைக் கேள்.

இன்னொரு மாறுதலும் செய்துபார். சின்னப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகிறார்கள், வரிகளைக் கேட்பதில்லை என்று வாசிப்பு ஆய்வாளர்கள் பெக், மக்கியோன் இருவரும் 2001-இல் எழுதினார்கள். அதனால் பக்கத்தை முதலில் படம் காட்டாமல் வாசி, பேசவிடு, பிறகு காட்டு. எல்லாப் புத்தகத்துக்கும் இது ஆகாது. வரி ஒன்று சொல்ல, படம் அதற்கு நேர்மாறாகக் காட்டும் வேடிக்கைக் கதையில் இரண்டும் சேர்ந்தே வரவேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்குத் தகவல் புத்தகம் எடு, ஆனால் முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதே. "திமிங்கிலம் தூங்குமா?" என்று கேட்டுவிட்டு, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பின்பக்கச் சொல்லடைவில் எந்தச் சொல்லைத் தேடலாம் என்று அவர்களையே சொல்லவிடு. 'தூக்கம்' இல்லாவிட்டால் 'ஓய்வு', அதுவும் இல்லாவிட்டால் 'மூச்சு'. கிடைத்த பக்கத்தை மட்டும் உரக்க வாசி. பத்து நிமிஷத்தில் முடியும், அன்றைக்கு அந்தப் புத்தகத்தை இரவல் எடுக்க அடிதடிதான்.

உன் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனை பேர் தரையில் உட்காருகிறார்கள் என்று எழுது. இருபத்தைந்துக்கு மேல் என்றால் புத்தகம் போதாது; படங்களைத் தனித்தனி அட்டையாகப் பெரிதாக்கி, அட்டைப் படங்களைக் காட்டிக் கதை சொல்லும் ஜப்பானியக் கமிஷிபாய் மாதிரி வரிகளைப் பின்பக்கத்தில் ஒட்டுவது எப்படி என்று அடுத்த கடிதத்தில் விவரமாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி