டிராமா மட்டும் பார்க்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

காமெடித் தொடர் பார்ப்பது நேரத்தை வீணாக்குவது, மனுஷ வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள டிராமாதான் பார்க்க வேண்டும் என்று போன தடவை பேசும்போது சொன்னீர்கள். இந்த வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், பழையதும் புதியதுமாக. பார்க்கப் பார்க்க, உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் 'மாஷ்'. கொரியப் போர்க்களத்துக்குப் பக்கத்தில் இயங்கும் அமெரிக்க ராணுவ மருத்துவமனையின் கதை. போர் நடந்தது மூன்று வருஷம், தொடர் ஓடியதோ 1972 முதல் 1983 வரை. பதிவு செய்த சிரிப்பொலியே வேண்டாம் என்பது எடுத்தவர்களின் விருப்பம். சிபிஎஸ் சேனல் விடவில்லை. கடைசியில், அறுவை சிகிச்சை அறையில் மட்டும் சிரிப்பொலி கூடாது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, 1975 மார்ச்சில் வந்த மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடைப் பாருங்கள். மருத்துவமனையின் தலைவர் ஹென்றி பிளேக் வீடு திரும்ப உத்தரவு வருகிறது. கேலி, குடி, கட்டியணைப்பு என்று கலகலப்பாக வழியனுப்புகிறார்கள். அப்புறம் வழக்கமான அறுவை சிகிச்சைக் காட்சி. மருத்துவமனையின் எழுத்தர் ரேடார் உள்ளே வந்து ஒரு தகவலைச் சொல்கிறான். ஹென்றி போன விமானம் ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன. யாரோ கை தவறி ஒரு கருவியைக் கீழே போடும் சத்தம் கேட்கிறது. வேலை நிற்பதில்லை, காயம்பட்டவர்கள் மேஜையில் கிடக்கிறார்களே.

அந்த அறையில் சிரிப்பொலி கிடையாது என்பது நமக்கு ஏற்கெனவே பழகிப்போனது. அதனால் ரேடார் உள்ளே நுழையும்போது ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. சோகம் வரப்போகிறது, தயாராகுங்கள் என்று சொல்ல வயலின் இல்லை. சாதாரண டிராமாவாக இருந்தால் பத்து நிமிஷம் முன்பே நமக்குத் தெரிந்துபோயிருக்கும், மாமா. அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் அந்த அடி அப்படி விழுகிறது.

அதே வருஷம் அக்டோபரில் வந்தது 'மேரி டைலர் மூர் ஷோ'வின் கோமாளி எபிசோடு. வாரம் முழுக்கப் பார்த்ததில் என் மனதுக்கு முதலிடம் இதற்குத்தான். ஒரு டிவி நிலையத்தின் செய்திப் பிரிவு. அங்கே குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தும் கோமாளி சக்கிள்ஸ், ஓர் ஊர்வலத்தில் வேர்க்கடலை வேஷம் போட்டுப் போகும்போது, யானை அவரை நிஜக் கடலை என்று நினைத்து உடைக்கப் பார்த்ததில் இறந்துபோகிறார். அலுவலகத்தில் ஆளாளுக்கு ஜோக் அடிக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நாயகி மேரி மட்டும் எல்லோரையும் கண்டிக்கிறாள், செத்தவரைப் பற்றி இப்படியா பேசுவது என்று. இறுதிச் சடங்கில் மற்ற எல்லோரும் அடங்கி உட்கார்ந்திருக்க, பாதிரியார் சக்கிள்ஸின் கோமாளித்தனங்களை ஒவ்வொன்றாக நினைவுகூரும்போது, மேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அடக்குகிறாள், இருமுகிறாள், முடியவில்லை. பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, வெட்கப்படாமல் சிரியம்மா, அவருக்கு அதுதான் பிடித்திருக்கும் என்கிறார். அந்த நொடியில் அவள் உடைந்து அழுகிறாள்.

இந்தத் தொடரைப் பார்வையாளர்களை நேரில் உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். அதில் கேட்பது நிஜ மனிதர்களின் சிரிப்பு. மேரியோடு சேர்ந்து அவர்களும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன். துக்கம் நேர்வழியில் வருவதில்லை என்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய டிராமா எதையும் நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில் சிரிப்பு வந்து தவித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

'ஃபால்டி டவர்ஸ்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவும் 1975இல் தொடங்கியதுதான். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தம் 12 எபிசோடு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதியது. ஹோட்டல்காரர் பேசில் ஆரம்பத்தில் ஒரு பொய் சொன்னால், அரை மணி நேரத்துக்குள் அது வட்டியும் முதலுமாக அவர் தலையில் வந்து விழுந்தே தீரும். தேவையில்லாமல் ஒரு கதவுகூடத் திறப்பதில்லை. இன்று வரும் பல டிராமாக்களை இதன் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை எட்டு மணி நேரம் இழுத்து, இருட்டில் முகத்தைக் காட்டி, மௌனத்தை ஆழம் என்று விற்கிறார்கள்.

நல்ல டிராமாவும் பார்த்தேன், மாமா. 'தி பிட்' தொடரின் முதல் சீசன் 2025இல் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஷிப்ட், 15 எபிசோடு, ஒவ்வொன்றும் அந்த ஷிப்டின் ஒரு மணி நேரம். நோவா வைல் முன்பு 'இஆர்' தொடரில் மாணவ டாக்டராக வந்தவர், இதில் பொறுப்பு டாக்டர். பின்னணி இசை இருப்பதே தெரிவதில்லை. ஆனால் கவனியுங்கள், விட்டேக்கர் என்ற மாணவன் மேல் ரத்தமும் மற்றதும் பட்டுக்கொண்டே இருக்கிறது, அவன் திரும்பத் திரும்ப உடை மாற்றிக்கொண்டே இருக்கிறான். அசல் காமெடி உத்தி அது. அந்தச் சிரிப்பு இல்லாமல் இத்தனை சாவுகளை 15 மணி நேரம் யாராலும் பார்க்க முடியாது.

கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயதுப் பையன் கைதாகும் 'அடாலசன்ஸ்' நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு எபிசோடும் ஒவ்வொன்றும் ஒரே ஷாட். மனநல நிபுணரும் பையனும் ஓர் அறையில் பேசும் மூன்றாவது எபிசோடைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள், நியாயம்தான். எனக்கு நான்காவதில் வேனுக்குள் வரும் இடம். பையனின் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட நாளில் ஆடிய நடனத்தை நினைத்துச் சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரம்தான். இந்தக் குடும்பம் எதை இழந்தது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. அப்பாவாக நடிக்கும் ஸ்டீபன் கிரஹாம் கட்டிலில் விழுந்து அழும் காட்சி அவ்வளவு வலிப்பதற்கு இந்தச் சிரிப்புதான் காரணம்.

இதற்கு நேர் எதிராக, ஓர் உணவகத்தில் நடக்கும் 'தி பேர்'. மனதார ரசித்த தொடர். முதல் சீசனின் ஏழாவது எபிசோடு, சமையலறைக்குள் பெரும்பகுதி ஒரே ஷாட்டில் போகும், மூச்சு முட்டும். ஆனால் அதற்குச் சிறந்த காமெடித் தொடருக்கான எம்மி என்ற அமெரிக்க டிவி விருதைக் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. ஆட்களைச் சிரிக்கவைக்கவே எழுதுபவர்களின் உழைப்பு அங்கே ஓரம்கட்டப்படுகிறது. எம்மிக்காரர்கள் 2015இல் அரை மணி நேரம் என்றால் காமெடி, அதற்கு மேல் போனால் டிராமா என்று விதி போட்டார்கள், பிறகு அதை நீக்கினார்கள். 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்'கில் ஒரே பாத்திரத்துக்காக உசோ அடூபா 2014இல் காமெடியிலும் 2015இல் டிராமாவிலும் எம்மி வாங்கினார். எட் ஆஸ்னரும் அப்படித்தான். மேரியின் முதலாளி லூ கிராண்டாகக் காமெடியில் வாங்கியவர், அதே லூ கிராண்டைத் தனி டிராமாவாக எடுத்தபோதும் வாங்கினார்.

உங்களுக்கு உயிரான 'பிரேக்கிங் பேட்' நாயகன் பிரையன் கிரான்ஸ்டன் அதற்கு முன் ஏழு சீசன் 'மால்கம் இன் த மிடில்' காமெடியில் அசட்டு அப்பாவாக நடித்தவர். வக்கீல் சாலாக வரும் பாப் ஓடன்கிர்க் காமெடி எழுதியும் நடித்தும் வளர்ந்தவர். எத்தனை நொடி நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று வருஷக்கணக்கில் பழகிய கைகள் அவை. கிரான்ஸ்டனின் வால்டர் ஒயிட் ஒரு பதிலுக்கு முன் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்று அடுத்த தடவை கவனியுங்கள்.

முதலில் கோமாளி எபிசோடைப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். 'மாஷ்' பார்ப்பதானால் நேராக அந்தக் கடைசி எபிசோடுக்குப் போய்விடாதீர்கள். ஹென்றியோடு கொஞ்ச நாள் பழகிவிட்டு அப்புறம் பாருங்கள். பார்த்ததும் போன் செய்யுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் சரி.

அன்புடன்,
உங்கள் மருமகள்