விண்டோஸ் எங்கும் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போடாமல் கூடவே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று உங்கள் இணைப்பிதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் போட்டு முடித்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வரவில்லையே, அப்போது என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அங்கேதான் ஆள் பயந்துபோய்க் கடைக்கு ஓடுகிறார், கடையில் "ஃபார்மேட் போட்டாத்தான் சார் சரியாகும்" என்கிறார்கள், பிள்ளையின் பிராஜெக்ட், கல்யாண போட்டோ எல்லாம் அதோடு சேர்ந்து போகிறது.

பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. யூஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு புரோகிராம், பேச்சுவழக்கில் இன்னும் பயாஸ்தான்) வந்தபிறகு எந்த சிஸ்டம் முதலில் எழ வேண்டும் என்ற வரிசை மதர்போர்டில் இருக்கிறது, இரண்டின் பூட் ஃபைல்களும் டிஸ்க்கில் தனியாகப் பிரித்த ஒரு சின்ன பகுதியில் (பார்ட்டிஷன்) தனித்தனி ஃபோல்டராகக் கிடக்கின்றன. புதிதாக வந்தது வரிசையில் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆன் செய்த கையோடு டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டிப் பாருங்கள் (பல ஏசர் மாடல்களில் எஃப்12-ஐ முதலில் பயாஸில் ஆன் செய்ய வேண்டும், ஏன் இப்படி வைத்தார்களோ). அந்தப் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் விண்டோஸ் வந்துவிடும். லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டு 'கிரப் ரெஸ்க்யூ' (கிரப் என்பது எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்று கேட்கும் லினக்ஸின் பூட் மெனு) என்று கறுப்புத் திரையில் நிற்பவர்களுக்கும் முதல் மருந்து இதுதான்.

கிரப் மெனுவில் மட்டும் விண்டோஸ் பெயர் இல்லையென்றால் அதற்கும் காரணம் உண்டு. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பக்கத்தில் வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று தேடும் ஓஎஸ்-புரோபரைப் பாதுகாப்பு கருதி முடக்கி வைத்துவிட்டார்கள். கிரப்பின் செட்டிங் ஃபைலில் அதைத் திறந்துவிட்டு அப்டேட்-கிரப் என்ற கமாண்டைக் கொடுத்தால் போதும்.

பழி எப்போதும் லினக்ஸ் மேல்தான் விழுகிறது, ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்தது நேர் எதிர். மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, இரண்டு சிஸ்டமும் உள்ள டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லியும், பலருடைய லினக்ஸைப் பூட் ஆகவிடாமல் நிறுத்தியது. நம்பகமான பூட் ஃபைலை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் என்ற காவலைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், அந்த அப்டேட் வைத்த எஸ்பாட் விதியை (ஓட்டையுள்ள பழைய பூட் ஃபைல்களைத் தடுப்பது) ஒரே கமாண்டில் நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டார்கள், சரியானது. அங்கேயும் யாரும் ஃபார்மேட் போட வேண்டியிருக்கவில்லை.

நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் பிட்லாக்கர், டிஸ்க்கில் இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. செக்யூர் பூட்டில் கை வைத்ததும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. பயாஸைத் தொடுவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த கீ இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள். இதை அடுத்த இணைப்பிதழில் கட்டம் கட்டிப் போட்டால் நன்றாக இருக்கும்.

அப்புறம், லினக்ஸ் பக்கம் போய்வந்த பிறகு விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் சிமாஸ் பேட்டரி (போர்டு கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி) மாற்றக் காசு கொடுக்காதீர்கள். போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வைக்கிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் ஒரு வரி செட்டிங்தான்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு