கழிப்பறைச் சாவியும் ஆசியக் கோப்பையும்: அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நாற்காலிகள் பறந்ததை நாடே பார்த்தது. மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வந்தவர்கள், அவரைச் சூழ்ந்துகொண்ட பிரமுகர்களின் முதுகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அது தனியார் நிகழ்ச்சி, சம்மேளனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தாங்கள் விளக்கம் அளித்தீர்கள். அதை ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பழியைத் தங்கள் தலையில் வைப்பதற்காக இம்மடலை எழுதவில்லை. ஆனால் அதன்பிறகு போகுமிடமெல்லாம், "இந்த லட்சணத்தில் நாம் உலகக் கோப்பை நடத்தப் போகிறோமாக்கும்" என்ற பேச்சு காதில் விழுகிறது. பதினான்கு வயதில் கால்பந்து ஆடும் ஒரு பெண்ணின் தாய் என்ற முறையில் அந்தப் பேச்சுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அது தங்களுக்கு உவப்பாக இருக்காது.

நம்மால் நடத்த முடியும். 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கோவா, குவாஹாத்தி, கொச்சி ஆகிய ஆறு இடங்களில் நடந்தபோது பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்தார்கள். குவாஹாத்தியில் மழையால் ஆடுகளம் கெட்டுப்போனதும், இங்கிலாந்து–பிரேசில் அரையிறுதியை இரண்டே நாள் இடைவெளியில் கொல்கத்தாவுக்கு மாற்றி, அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரவைத்து ஆடிக்காட்டினோம். 2022 இல் மகளிர் ஆசியக் கோப்பையும், 17 வயதுக்குட்பட்ட சிறுமியர் உலகக் கோப்பையும் இங்கேதான் நடந்தன. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பார்வையாளர் ஒருவர் கையில் காகிதத்தோடு வந்து இறங்கினால், நம் மைதானங்களில் புல் முளைக்கிறது, விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அவர் விமானம் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் மகளின் அணிக்கு ஓர் ஆட்டம் இருந்தது. எந்த ஊர், எந்த மைதானம், யார் நடத்தினார்கள் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அது அந்த ஓர் இடத்தின் பிழையாகச் சுருங்கி, யாரோ ஒரு காவலாளியின் வேலை போவதோடு முடிந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு என்று சொன்ன ஆட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. முந்தைய வாரம் அங்கே ஏதோ விழாவுக்குப் பந்தல் போட்டிருந்ததால், கம்பு நட்ட குழிகள் கோல் பகுதிவரை கிடந்தன; பயிற்சியாளரும் பிள்ளைகளும் வாளியில் மண் அள்ளி வந்து அவற்றை மூடினார்கள். பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை இல்லை. நானும் இன்னொரு பெண்ணின் அம்மாவும் சுவரோரமாக ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் பதினாறு பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக ஜெர்சி மாற்றினார்கள். கை வலித்தது, அதைவிட, மைதானச் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பையன்களின் சிரிப்பு வலித்தது.

கழிப்பறை இருந்தது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது ஆட்டமே முடிந்திருந்தது. இதையெல்லாம் பழகிப்போன பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. உச்சி வெயிலில், வாயை நனைத்துத் துப்பிவிட்டு ஆடுகிறார்கள். இரண்டாம் பாதியில் என் மகளுக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. "ஏம்மா தண்ணி குடிக்கல?" என்று பயிற்சியாளர் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, வாய் திறக்கவில்லை.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சம்மேளனத்தின் கீழும் அதன் மாநில, மாவட்டச் சங்கங்களின் கீழும் நடக்கும் எந்த ஆட்டமானாலும், உடை மாற்ற ஓர் அறை, திறந்திருக்கும் கழிப்பறை, குடிநீர் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் தொடங்கக்கூடாது என்று விதி செய்யுங்கள். ஆட்டத்துக்கு முன் காலணியின் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்க்கிற நடுவர், கோல் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்க்கிற நடுவர், இந்த மூன்றையும் பார்த்துத் தம் அறிக்கையில் எழுதுவதற்கு இன்னொரு ஐந்து நிமிடம் போதும். கம்புக் குழிகளையும் தாமதத்தையும்கூட இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம், இம்மூன்றையும் பொறுப்பதற்கில்லை.

நிதி இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2027 ஆசியக் கோப்பையை நடத்தும் போட்டியில் சவூதி அரேபியாவோடு கடைசிவரை நின்றுவிட்டு, 2022 டிசம்பரில் விலகிக்கொண்டோம். பெரிய போட்டிகளை நடத்துவதைவிட அடித்தளத்தைக் கட்டுவதே முன்னுரிமை என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. படித்துவிட்டு மனதாரக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பிறகு 2034 உலகக் கோப்பையின் சில ஆட்டங்களையாவது இங்கே கொண்டுவரலாமா என்ற பேச்சு எழுந்தது. 2031 ஆசியக் கோப்பையை நடத்த விருப்பம் தெரிவித்த நாடுகளின் பட்டியலில் மறுபடியும் நம் பெயர் இருந்தது. இதற்கிடையில் அடித்தளம் எங்கே போயிற்று என்று கேட்டால் குற்றமா? கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று, நாம் நடத்த ஆசைப்பட்ட அதே 2027 கோப்பைக்குத் தகுதிபெறாமல் ஆண்கள் அணி வெளியேறியது; பிறகு டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது. ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடர் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் 2025 இல் வீரர்கள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இலை போடாத குடும்பத்தை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2–1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாகவே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தபோது தாங்கள் அடைந்த மகிழ்ச்சியில் எங்களுக்கும் பங்கு உண்டு. அன்று சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோல்களையும் என் மகள் கைப்பேசியில் எத்தனை முறை பார்த்தாள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்த அணியில் இருப்பவர்களும் இப்படிப்பட்ட மைதானங்களைக் கடந்துதானே வந்திருக்க வேண்டும்? போர்வைக்குப் பின்னால் நின்றவர்களில் எத்தனை பேர் பாதியிலேயே நின்றுபோனார்கள் என்ற கணக்கு யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் அணியில் சென்ற ஆண்டு இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி நல்ல கோல்கீப்பர்.

எதிர்காலத்தில் எந்தப் பன்னாட்டுப் போட்டிக்கு விண்ணப்பித்தாலும் நான் எதிர்க்கப்போவதில்லை. கிடைத்தால் முதல் நாளே சீட்டு வாங்கிக்கொண்டு வருவேன். ஆனால் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், மேலே கேட்ட விதியைச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றி, மாநிலச் சங்கங்களுக்கு எழுத்து மூலம் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த தொடர் கோடை விடுமுறையில் தொடங்குகிறது. அதற்குள் ஆகுமானால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வீராங்கனையின் தாய்,
வடசென்னை.