பழைய மரம், புதிய மேசை: நமது மரவேலைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை. உறுப்பினர் சேர்க்கையும் வருகை விவரமும் பதிவேட்டில் உள்ளன. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. அவற்றில் பாதி நேரம் அரட்டையில் கழிகிறது என்று ஒரு புகார் எழுத்து மூலமாகவே வந்தது. அந்த அரட்டையில்தான் பலர் தொழில் கற்றார்கள் என்பது என் பதில்.

இவ்வாண்டு நமது கவனம் முழுவதும் ஒரே வேலையில் இருந்தது. இடித்த கட்டடங்களின் உத்திரம், கைமரம், கதவு நிலை, சரக்கு ஏற்றும் மரத் தட்டு, உடைந்த கட்டில் சட்டம் என்று பிறர் கழித்துப் போட்ட மரத்தைக் கொண்டு வீட்டிலேயே மேசை, பெஞ்சு, அலமாரி செய்வது. பளபளவென்று இழைக்காமல், ஆணித் துளையும் வாள் தடமும் தெரிகிற கரடுமுரடான பாணியையே பெரும்பாலோர் விரும்பினார்கள். விரும்பியதில் தவறில்லை. ஆனால், ‘கரடுமுரடுதானே’ என்ற சொல் அரைகுறை வேலைக்குத் திரையாவதை ஆண்டின் தொடக்கத்திலேயே காண நேர்ந்தது. ஆடுகிற பெஞ்சைக் காட்டி, ‘இதுதான் இதன் அழகு’ என்று வாதாடிய உறுப்பினர் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மேற்பரப்பு எவ்வளவு முரடாக இருந்தாலும் இணைப்பு முரடாக இருக்கக் கூடாது என்று செயற்குழு தீர்மானம் போட்டது. இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தத் தீர்மானம் பட்ட பாட்டைப் பற்றியதுதான்.

முதலில் மரப் பரிசோதனை. கூடத்துக்குள் வரும் எந்தப் பழைய மரமும் பரிசோதனைக் குழுவின் பார்வைக்குத் தப்பக் கூடாது என்ற விதி பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. இலவசமாகக் கிடைத்ததைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. குழுவினர் வாங்கிய ஏச்சுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

சரக்குத் தட்டுகளில் பார்க்க வேண்டியது முத்திரை. நாடு விட்டு நாடு செல்லும் மரப் பொதிகளுக்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற விதியின்படி, கோதுமைக் கதிர் சின்னத்துடன் அந்த முத்திரை குத்தப்படுகிறது. அதில் ‘எச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடங்கள் தொடர்ந்து சூடாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பாய்ச்சப்பட்டது. அதை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். ஒரு விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். முத்திரை மரத்துக்கு என்ன செய்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். அந்தத் தட்டின் மேல் என்ன கொட்டியது என்பதைச் சொல்லாது. எண்ணெய்க் கறை படிந்ததும், மூக்கருகே கொண்டுபோனால் நெடி அடிப்பதும் முத்திரை எதுவானாலும் வெளியேதான்.

பச்சை சாயல் அடிக்கும் வேலிக்கால்கள் இரண்டு முறை கூடத்துக்கு வந்தன. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த காப்பு மருந்து ஏற்றிய மரம் அப்படித்தான் இருக்கும். அதை இழைக்கவும் கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது; சாம்பலில் ஆர்சனிக் தங்கும். தார் எண்ணெயில் ஊறிய ரயில் தண்டவாளக் கட்டைகளும் அப்படியே. அவற்றை மேசையாக்க நினைத்தவர்களின் ரசனையை மதிக்கிறேன். நுரையீரலை அதைவிட மதிக்கிறேன். பழைய கதவுகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. எனவே சோதனைக்குச்சியில் ஈயம் தெரிந்தால் உப்புத்தாளைத் தொடக் கூடாது. இதில் செயற்குழு விதிவிலக்கு எதுவும் வழங்காது.

அடுத்து உளு, அதாவது மரத்தைத் துளைத்துத் தின்னும் வண்டின் புழு. வைரம் பாய்ந்த பகுதியைப் பொதுவாக அது சீண்டுவதில்லை. மாவுச்சத்து உள்ள வெளிப்பகுதியைத்தான் தின்னும். துளை இருப்பதால் மட்டும் பலகையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வண்டு பறந்துபோய் நெடுங்காலம் ஆகியிருக்கலாம். பலகையைத் தட்டித் துடைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரங்கள் வைத்தால் உண்மை தெரியும். முகப்பவுடர் போன்ற புதுத் தூள் விழுந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. சூடாக்க வசதி இருந்தால் சூடாக்கலாம்; இல்லையேல் போராக்ஸ் கரைசல் பூசலாம். பெயின்ட்டோ வார்னிஷோ இருக்கும் பரப்பின் மேல் பூசினால் கரைசல் உள்ளே இறங்காது. முதலில் சுரண்ட வேண்டும்.

ஆணி பிடுங்கும் வேலைக்குச் சங்கம் இவ்வாண்டு ஒரு வலுவான காந்தம் வாங்கியது. பலகையின் மேல் அதை மெல்ல நகர்த்தினால் உள்ளே முறிந்து நிற்கும் இரும்பை அது காட்டிக்கொடுத்துவிடும். பித்தளை ஆணிக்கு மட்டும் அது குருடு. காந்தம் வந்த பிறகு பல் போன ரம்ப வட்டுகள் குறைந்தன என்று கருவிப் பொறுப்பாளர் சொல்கிறார். தலை போன ஆணியைப் பின்னோக்கி இழுக்கப் போராடாமல், மெல்லிய இரும்புக் குச்சியை வைத்துத் தட்டி மறுபக்கமாக வெளியேற்றுவது நல்லது. இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கும் நீலக் கறுப்புக் கறையை ஆக்சாலிக் அமிலம் போக்கும். அது நஞ்சு, கையுறை கட்டாயம். அந்தக் கறை எனக்குப் பிடிக்கும், நான் போக்குவதில்லை.

இனி, ஆண்டின் பெரிய பாடம். உறுப்பினர் ஒருவர் பழைய உத்திரப் பலகைகளை அருகருகே ஒட்டி அழகான மேசைப் பலகை செய்தார். அடியில் குறுக்குச் சட்டங்களை வைத்துப் பசையிட்டு, திருகாணிகளால் இறுக்கினார். கண்காட்சி நாளில் எல்லோரும் பாராட்டினோம். வறண்ட பருவம் தொடங்கியதும் பலகையின் நடுவே நீளவாக்கில் பிளவு விழுந்தது. பலகை பழையது, காய்ந்தது, இனி என்ன அசையப் போகிறது என்று அவர் நினைத்தார். நம்மில் பெரும்பாலோரும் அப்படியே நினைத்திருந்தோம். மரம் எத்தனை காலம் ஆனாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் அறையில் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 9 சதவீதத்தில் நிற்கும்; 80 சதவீதத்துக்கு ஏறினால் 16 வரை போகும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகை நீளத்தில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலத்தில் நன்றாகவே அசையும். அதிலும் வளர்வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் சுமார் இரு மடங்கு. அகலத்தில் சுருங்க வேண்டிய பலகையை, நீளத்தில் அசையாத குறுக்குச் சட்டத்தோடு பசையால் கட்டிப்போட்டால் பலகைக்கு வேறு வழியில்லை.

தீர்வு எளிது. குறுக்குச் சட்டத்தில் நடுத் துளையை மட்டும் வட்டமாக விட்டு, மற்றவற்றைப் பலகை அசையும் திசையில் நீள்துளைகளாக்க வேண்டும், பசை கூடாது. கால்சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, அதில் சிறு மரக்கட்டைகளை நுழைத்து மேற்பலகையைப் பிடித்து வைக்கும் பழைய முறையும் உண்டு. பிளந்த பலகையை அந்த உறுப்பினர் பிளவோடு அறுத்து, இழைத்து, மீண்டும் ஒட்டினார். இம்முறை நீள்துளை. பருவம் மாறியும் பலகை அசையாமல் இருக்கிறது என்று எழுதக் கை வருகிறது. அசைந்துகொண்டு, பிளக்காமல் இருக்கிறது என்பதே சரி.

இதையொட்டி இரண்டு வழக்கங்கள் நிலைபெற்றன. மேசை எந்த அறையில் நிற்கப் போகிறதோ அந்த அறையிலேயே பலகைகளை, இடையில் சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கிச் சில வாரங்கள் வைக்கிறோம். ஒட்டும் விளிம்புகளை ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் இழைக்கிறோம். காலங்காலமாகக் காற்றுப்பட்ட பரப்பு பசையைச் சரியாக ஏற்காது.

பெஞ்சு ஆடுவது தரையின் குற்றம் என்ற வாதம் மூன்று கூட்டங்களில் ஓடியது. காலையும் சட்டத்தையும் திருகாணியால் மட்டும் பிணைத்தால், உட்காருபவர் பக்கவாட்டில் அசையும்போதெல்லாம் துளை தளரும். ஒன்றில் துளை, மற்றொன்றில் நாக்கு என்று செதுக்கிப் பொருத்துவதே நிற்கும். நாக்கின் தடிமன் சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. மர ஆணி அடிக்கும்போது நாக்கிலுள்ள துளையைத் தோளை, அதாவது நாக்கு தொடங்கும் படியை, நோக்கி ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தள்ளி இட்டால், ஆணி இறங்க இறங்க இணைப்பு தானே இழுத்து இறுகும். பசை இல்லாமலேயே நிற்கும். உளிப் பயிற்சி இல்லாதவர்களுக்குக் குறுக்கே ஒரு சாய்சட்டமாவது வேண்டும். உயரம்: பெஞ்சுக்கு 45 சென்டிமீட்டர், மேசைக்கு 75. கிடைத்த மரத்தின் நீளத்துக்கு ஏற்ப உயரத்தை வைத்தவர்கள், விருந்தினர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புத்தக அலமாரி செய்வோருக்கு ஒரு கணக்கு. அதே சுமைக்குப் பலகையின் தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். தாங்கிகளுக்கு இடையிலான நீளத்தை இரட்டித்தால் எட்டு மடங்காகும்.

ஜூலைக் கூட்டத்தில் நடந்த விவாதத்தைப் பதிவு செய்தாக வேண்டும். புது மரத்தைச் சங்கிலியால் அடித்து, சாயம் பூசிப் பழசாகக் காட்டலாமா என்பது பொருள். விஷயம் வாக்கெடுப்பு வரை போனது. செய்பவர் வீட்டில் செய்துகொள்ளலாம், சங்கக் கண்காட்சியில் பழைய மரம் என்று எழுதி வைக்கக் கூடாது என்று முடிந்தது. நான் எதிர்த்து வாக்களித்தேன் என்பதை மறைக்கவில்லை. வண்டு தின்ற தடத்தைத் துரப்பணத்தால் போடுகிறவருக்கு வண்டின் பொறுமை இல்லை. துளைகள் வரிசையாக விழுகின்றன.

பூச்சு விஷயத்தில் பெரும்பாலோர் ஆளிவிதை எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். உப்புத்தாள் 80இல் தொடங்கி 120, 180 என்று போதும். அதற்கு மேல் தேய்த்தால் தேடிப் பிடித்த தடங்கள் எல்லாம் போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானே தீப்பற்றும். ஒற்றை மடிப்பாக வெளியில் விரித்துக் காயப்போடவும், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் ஊறப்போடவும். கூடத்தின் குப்பைக் கூடையில் ஒரு நாள் சூடான துணிச் சுருள் ஒன்று கிடந்தது. போட்டவர் யார் என்று கேட்டோம், யாரும் சொல்லவில்லை. இப்போது வாசலில் சிவப்பு டப்பா இருக்கிறது.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. கைக்குட்டை முகமூடி ஆகாது. கைக்குட்டையோடு வருபவர்களுக்கு இயந்திர அறைச் சாவி தரப்படாது.

கருவி அலமாரி பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உளிகள் கூராகப் போகின்றன, மழுங்கி வருகின்றன. இழைப்புளி ஒன்று ஆணியோடு மோதிய காயத்துடன் திரும்பியது. பதிவேட்டில் ‘நல்ல நிலை’ என்று எழுதி ஒப்பமிட்டிருந்தது.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள்: மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்குவது, இரவல் வாங்கும் உளியைத் தீட்டித் திருப்பித் தருவதைக் கட்டாயமாக்குவது, துளையும் நாக்கும் செதுக்கும் பயிற்சியைப் புதிய உறுப்பினர்களுக்கு முதல் பாடமாக வைப்பது, பின்வாசலில் மழையில் நனைந்துகொண்டிருக்கும் கதவு நிலைகளை உரியவர்கள் இம்மாத இறுதிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் பொது மரமாக அறிவிப்பது. கடைசித் தீர்மானத்துக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். எதிர்ப்பவர்கள் நிலைகளை எடுத்துச் சென்ற பிறகு பேசலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்