எங்கள் கரையில் ஒரே தராசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கூலியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். திறமை தேவைப்படாத வேலைக்குச் சந்தையே கூலியைக் குறைத்து வைக்கிறதாம். உதாரணத்துக்குக் கடல்பாசி பொறுக்கும் பெண்களாம்.

பொறுக்குவதில்லை ஐயா, எடுக்கிறோம். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியை, அகர் என்கிற ஜெல்லிப் பொருள் எடுக்கிற கடல்பாசி அது, வேர் போகாமல் கிள்ள வேண்டும். பாம்பன் பக்கம் 30 வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கட்டுரையாளர் ஒரு நாள் வந்து முங்கிப் பார்க்கட்டும். அவருடைய வள்ளத்து எண்ணெய்க் காசை நானே கொடுத்துவிடுகிறேன்.

சந்தை என்கிறாரே, அது எங்கே இருக்கிறது? எங்கள் கரையில் வாங்குகிற வியாபாரி ஒருத்தர், தராசும் ஒன்று. மூத்தவள் கல்யாணத்துக்கு அவரிடம்தான் முன்பணம் வாங்கினேன். அது தீருகிறவரை வேறு ஆளுக்குப் பாசி போட முடியாது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், நசுக்குவார், மோந்துகூடப் பார்ப்பார். "ஈரம் கிடக்கு, மண்ணு கிடக்கு" என்று 20 கிலோவுக்கு 3 கிலோ கழிப்பார். அப்புறம் "மதுரையில விலை இறங்கிப்போச்சு" என்பார். அங்கே விலை ஏறியதாக இதுவரை ஒரு நாளும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

1948லேயே குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது. எங்களுக்கு அது பொருந்தாதாம், நாங்கள் சொந்தத் தொழில் செய்கிறவர்களாம். முதலாளிப் பட்டம் எங்களுக்கு, லாபம் அவருக்கு!

ஒரே ஒரு தடவை அவராகக் கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றினார். நூறு நாள் வேலை வந்த புதிது. நாலைந்து பேர் மண் வெட்டப் போய்விட்டோம். மறுவாரமே ஏற்றினார். போக வேறு இடம் இருந்தது, அதனால் கூலி ஏறியது. எங்கள் திறமை அந்த ஒரு வாரத்தில் கூடிவிடவில்லை. அந்த வேலையைத்தான் உங்கள் கட்டுரை "சோம்பேறி வளர்ப்பு" என்கிறது.

எங்களைப் பற்றி உங்கள் பத்திரிகை எழுதுவதும் புதிதில்லை. 1986ல் எங்கள் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் தேசியப் பூங்காவானபின், வனத்துறைக்காரர்கள் எங்கள் கூடைகளைப் பிடுங்கியபோது "பவளப்பாறையை அழிக்கும் பெண்கள்" என்று போட்டீர்கள். மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று நாங்களே கூடிப் பேசி முடிவெடுத்தோமே, அதற்கு ஒரு வரி உண்டா? இரண்டு வருஷம் முன்பு, நாங்கள் முங்கி எழும் படத்துக்குக் கீழே "கடலில் குளித்து மகிழும் மீனவப் பெண்கள்". அதற்கும் கடிதம் போட்டேன். வரவில்லை.

தங்கம், தேங்காய், மல்லிகைப்பூ விலையெல்லாம் தினமும் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, மதுரையில் கடல்பாசிக் கம்பெனிகள் காய்ந்த மரிக்கொழுந்துக்குக் கிலோவுக்கு என்ன கொடுக்கின்றன என்று வாரம் ஒருமுறையாவது போடுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடையதையே எடுத்துவிடுங்கள், துலாம்தான்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒருத்தி,
பாம்பன்.