முதல் வரியில் எழுதியதைக் காப்பாற்றுங்கள்: கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வெளியிடும் மூலநிரலை எடுத்து, லினக்ஸ் பயனர்கள் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி தொகுப்பாக்கித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் முதன்மை நிரலைப் பற்றி எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் அந்த நிரலைக் கம்பைல் செய்யவும் நிறுவவும் கூடவே வரும் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்புகளுக்கு), நிரலுக்குக் காட்டும் கவனத்தில் கால்பங்குகூடக் கிடைப்பதில்லை என்பதை மிகுந்த வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்.

ஒரு ஸ்கிரிப்டை எந்த ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் எந்த நிரல், ஓட்ட வேண்டும் என்பதை அதன் முதல் வரி சொல்லும். அங்கே பொதுவான ஷெல்லான எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு, உள்ளே வசதிகள் கூடிய பாஷில் எழுதுகிறீர்கள். உங்கள் கணினியில் எஸ்ஹெச் என்பதும் பாஷ்தான் என்றால் எல்லாம் ஓடிவிடும். வெளியே அப்படி இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் 2006-இலேயே, 6.10 பதிப்பில், எஸ்ஹெச்சை டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல்லுக்கு மாற்றிவிட்டது. இன்னொரு வழங்கலான டெபியன் 2011-இல் வெளிவந்த ஸ்குவீஸ் பதிப்பில் மாற்றியது. கணினி தொடங்கும்போது ஓடும் ஏராளமான ஸ்கிரிப்டுகள் விரைவாக முடிய வேண்டும் என்பதே முக்கியக் காரணம். ஆல்பைன் லினக்ஸில் இருப்பது, பல சிறு கருவிகளை ஒன்றாக்கிய பிஸிபாக்ஸின் ஆஷ் ஷெல்; அங்கே பாஷை நாமாக நிறுவினால்தான் உண்டு. ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களிலும் எஸ்ஹெச் பாஷ் அல்ல. மேக்கில் பாஷ் இருக்கிறது, ஆனால் ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு முந்தைய 3.2 பதிப்பிலேயே நின்றுவிட்ட பாஷ்.

ஓடாமல் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். தவறாக ஓடி, சரியாக முடிந்ததாகச் சொல்வதுதான் கொடுமை. சில திட்டங்கள் தாங்களே டெபியன் தொகுப்பையும் தயாரித்துத் தருகின்றன. அதில் போஸ்ட்இன்ஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் நிறுவலின் கடைசிக் கட்டத்தில் ‘கான்ஃபிகர்’ என்ற சொல்லோடு அழைக்கப்படும். அந்தச் சொல் வந்திருக்கிறதா என்று சதுர அடைப்புக்குறிக்குள் == போட்டுச் சோதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாஷ் ஏற்றுக்கொள்ளும். டாஷோ, எதிர்பாராத குறி என்று ஒரு வரிப் பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு, பிழையைக் குறிக்கும் 2 என்ற எண்ணோடு திரும்பும். இது இஃப் நிபந்தனைக்குள் நடப்பதால், பிழை கண்டால் உடனே நில் என்று ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் நீங்கள் கொடுத்த கட்டளை இங்கே செல்லாது. நிபந்தனை பொய் என்று கொள்ளப்பட்டு, சேவைக்கான பயனர் கணக்கை உருவாக்கும் பகுதி அப்படியே தாண்டப்பட்டு, தொகுப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டதாகப் பதிவாகிவிடும். ஒரே ஒரு சமக்குறியைப் போட்டிருந்தால் எல்லா ஷெல்லிலும் ஓடியிருக்கும்.

&> இதைவிட மோசமானது. பாஷில் அது வெளியீட்டையும் பிழைச்செய்தியையும் ஒருசேர ஒரு கோப்புக்குத் திருப்பிவிடும். டாஷ் அதிலுள்ள & குறியைத் தனியாகப் படித்து, கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, மீதியை வெற்றுக் கட்டளையாக நடத்தி, வெற்றி என்று பொருள்படும் 0 என்ற எண்ணோடு திரும்பிவிடுகிறது. ஆகவே, ஒரு நூலகம் இருக்கிறதா என்று இப்படி எழுதப்பட்ட சோதனை, அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்றே பதில் சொல்லும்.

இந்தத் தொல்லைகளை முன்னோர் அறியாமல் இல்லை. கம்பைல் செய்யும் முன் கணினியைச் சோதித்தறியும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபை டேவிட் மெக்கன்சி 1991-இல் தொடங்கியதும், பின்னர் ரால்ஃப் எங்கெல்ஷால் ஜிஎன்யூ எஸ்ஹெச்டூலை உருவாக்கியதும் இதற்காகவே. கோப்புகளை நிறுவுவது, கோப்பகம் உருவாக்குவது, டார்பால் (வெளியிடும் கோப்புகளின் ஒற்றைக் கட்டு) உருவாக்குவது, எந்த இயங்குதளம் என்று கண்டறிவது எனத் திட்டந்தோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட சிறு ஸ்கிரிப்டுகளை எஸ்ஹெச்டூல் ஒன்றாக்கியது. வேண்டியவற்றை மட்டும் பொறுக்கி உங்கள் மூலநிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். அருமையான யோசனை என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அப்படிச் சேர்த்த பிரதியை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எஸ்ஹெச்டூலின் 2.0.1 வரையிலான பதிப்புகள், முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கின. அதே கணினியில் உள்ள இன்னொருவர் அந்தப் பெயரில் ஓர் இணைப்பை வைத்துவிட்டால், வேறு கோப்பு அழிந்துபோகும். 2005-இல் இது பாதுகாப்புக் குறைபாடாக அறிவிக்கப்பட்டது. மூலத்தில் திருத்தினால் போதவில்லை; பிஎச்பி உள்ளிட்ட பல திட்டங்கள் தங்களுக்குள் வைத்திருந்த பிரதிகளையும் தனித்தனியே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கணினியின் வகையைக் கண்டறியும் கான்ஃபிக்.கெஸ் கோப்பும் அப்படித்தான். 64 பிட் ஆர்ம் செயலி வந்தபோது, பழைய பிரதியைச் சுமந்திருந்த திட்டங்கள் தங்கள் நிரலில் ஒரு குறையும் இல்லாமலே கம்பைல் ஆக மறுத்தன.

படிக்கப்படாத ஸ்கிரிப்டுகளில் என்னவெல்லாம் ஒளிந்திருக்க முடியும் என்பதை 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தில் பார்த்தோம். 5.6.0, 5.6.1 வெளியீடுகளின் டார்பாலில் இருந்த, மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரிதான் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் வழியாகப் பின்கதவை, அதாவது இரகசிய நுழைவழியை, திறந்துவிட்டது. எனவே, உருவாக்கப்பட்ட ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பாமல், அதை நாங்களே புதிதாக உருவாக்கிக்கொள்ளத் தேவையான அனைத்தையும் களஞ்சியத்தில் வையுங்கள். உருவான கோப்பைக் கையால் திருத்துவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். நாங்கள் மறுபடி உருவாக்கும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும்.

பாஷ் வேண்டுமென்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்று தேடி ஓட்டும் என்வ் கருவி வழியாக அழையுங்கள், ஏனெனில் ஃப்ரீபிஎஸ்டியில் அது வேறு கோப்பகத்தில் இருக்கும். எஸ்ஹெச் என்று எழுதினால், வெளியிடும் முன் டாஷிலும் பிஸிபாக்ஸிலும் ஓட்டிப் பாருங்கள். பிஸிபாக்ஸ் மட்டும் போதாது, மேற்சொன்ன இரட்டைச் சமக்குறியை அது ஏற்றுக்கொள்ளும். செக்பாஷிசம்ஸ் கருவி, பாஷுக்கு மட்டுமே உரிய எழுத்துமுறைகளில் பெரும்பாலானவற்றை ஒரே நொடியில் காட்டிக்கொடுக்கும். ஷெல்செக் என்ற சோதனைக் கருவியும் முதல் வரியைப் பார்த்து அதற்கேற்ப எச்சரிக்கும். உரையைத் திரையில் காட்ட எக்கோவுக்குப் பதில் பிரின்ட்எஃப். உரையை மாற்றியமைக்கும் செட் கருவியில் கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றும் விருப்பத்துக்குப் பதில், வேறொரு கோப்பில் எழுதி மாற்றிவைப்பது (ஜிஎன்யூவும் பிஎஸ்டியும் அதை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன). யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரம் 2024-இல் ரீட்லிங்க், ரியல்பாத், பைப்ஃபெயில் ஆகிய வசதிகளைச் சேர்த்துக்கொண்டது மகிழ்ச்சியே. ஆனாலும் பழைய வழங்கல்கள் இன்னும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும் என்பதால், இப்போதைக்கு அவற்றை நம்பி எழுத வேண்டாம்.

உங்கள் ஸ்கிரிப்டுகளுக்காக நாங்கள் எழுதிய திருத்தங்கள் ஒவ்வொரு டெபியன் மூலத்தொகுப்பிலும் பேட்சஸ் என்ற கோப்பகத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. அடுத்த வெளியீட்டுக்கு முன் உங்கள் திட்டத்துக்கு உரியவற்றை எடுத்துப் பாருங்கள். ஏற்கத் தக்கவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்க முடியாதவற்றுக்குக் காரணத்தை எழுதி அனுப்புங்கள், திருத்தி மறுபடி தருகிறோம்.

இப்படிக்கு,
மென்பொருள் தொகுப்பாளர் ஒருவர்