31 பாட்டுகளைத் திருப்பித் தந்த அக்காவுக்கு

எங்கள் பள்ளிக்காக ஓடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

டிசம்பர் முதல் வாரம் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் பள்ளிக்குள் புகுந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வகுப்பறைச் சேற்றை வாரிக் கொட்டியதே நீங்கள்தான். நேற்று சாயங்காலம், அந்த வெள்ளத்தில் போன பிள்ளைகளின் பாட்டு நோட்டை மறுபடி எழுதி முடித்தோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த நிறைவு மனசில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து ஊரிலிருந்து மண்வெட்டியோடு வந்த தம்பிகள், டீசலுக்குக்கூடக் காசு வாங்காத டிராக்டர்காரர், பிளீச்சிங் பவுடர் தூவிக் கிணற்றைச் சுத்தம் செய்த சுகாதாரப் பணியாளர்கள், மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் நோட்டும் பென்சிலும் அனுப்பிய முகம் தெரியாத ஆசிரியர்கள், இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ்களை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேர் சொல்லாமல் போன பெரியவர், உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுதலாம். ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன். எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் சமையல் உதவியாளர் அக்கா. பிள்ளைகளுக்கு ஆயாம்மா.

அதற்கு முன்னால் அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பிள்ளைகள் அறிவியல் பாடம் முடிந்ததும் நான்கைந்து பேராகச் சேர்ந்து அதைப் பாட்டாகக் கட்டுவார்கள். மெட்டு வீட்டில் கேட்டதாக இருக்கும். தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு, எது வாய்க்கு வருகிறதோ அது. நான் எழுதிக் கொடுப்பதில்லை. வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: எதுகைக்காகப் பொய் சொல்லக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பிள்ளைகள் அறிவியலைப் படித்ததே இந்தச் சட்டத்தால்தான் என்று நம்புகிறேன்.

நிலாப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இப்படிக் கட்டினார்கள்:

வட்ட நிலா விளக்கேத்தி
வானமெல்லாம் வெளிச்சமாச்சு

கேட்க அழகாக இருந்தது. ஆனால் நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். ஒரு வாரம் கழித்து மாற்றினார்கள்:

சூரியன்கிட்டே கடன்வாங்கி
ஊருக்கெல்லாம் கொடுக்கும் நிலா

இதற்கும் வழக்கு வந்தது. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், நிலா சூரியனுக்குத் திருப்பிக் கொடுக்கிறதா? வட்டி கட்டும் வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வி அது. கண்ணாடித் துண்டை வெயிலில் காட்டிச் சுவரில் வெளிச்சம் விழ வைத்துப் பார்த்தோம். நிலா கண்ணாடி மாதிரி வழவழப்பாக இல்லை, கரடுமுரடான தரை, அதனால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும் என்பதையும் பேசினோம். கடைசியில் இப்படி முடிந்தது:

சூரியன் வீசும் வெளிச்சத்தைச்
சுத்தியும் சிதற விடும் நிலா

அடித்ததும் திருத்தியதும் எல்லாம் நோட்டில் அப்படியே இருந்தன. 'மண்ணைத் தின்னு வளருது மரம்' என்று ஒரு குழு எழுதியதும் இருந்தது. அன்றைக்கு அவர்களுக்கு வான் ஹெல்மான்ட் என்ற அந்தக் காலத்து விஞ்ஞானியின் கதையைச் சொன்னேன். தொட்டியில் 90 கிலோ மண்ணை நிரப்பி, வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று இரண்டேகால் கிலோவிலிருந்து ஏறத்தாழ 77 கிலோ ஆனது. மண்ணில் குறைந்ததோ வெறும் 57 கிராம். அப்படியென்றால் தண்ணீர்தான் மரமாகியிருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். காற்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பது பின்னால் வந்தவர்கள் கண்டது. பெரிய மனுஷரே பாதி தப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு வந்த தைரியத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாளே 'இலைக்குள்ளே சமையக்கட்டு' பிறந்தது.

மூன்று வருஷத்தில் 37 பாட்டுகள். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். மேல்தட்டில் வைத்திருக்கலாம். தண்ணீர் வடிந்த பிறகு கையில் எடுத்தால் கூழ்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள், பிள்ளைகள் நிலாப் பாட்டை ஞாபகத்திலிருந்து பாடிப் பார்த்தார்கள். நடுவில் ஓர் அடி வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதைக் கட்டிய பிள்ளைகள் இப்போது வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பு. எல்லோரும் பேசாமல் இருந்தபோது சமையல் கூடத்திலிருந்து அந்த அடி வந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தைக்கூடத் தூக்கவில்லை.

"எல்லாப் பாட்டும் தெரியுமா அக்கா?"

"தெரியுமான்னு தெரியலை டீச்சர். சும்மா உக்காந்து யோசிச்சா வராது. கையில வேலை இருக்கணும்."

அதுதான் நடந்தது. நாலு சாயங்காலம், பாத்திரம் கழுவி முடித்த பிறகு, வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்தார். அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அரிசிப் பானை முதல் பாய் வரைக்கும் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் முறத்தில் அரிசியோ உரிக்கப் பூண்டோ கொண்டுவந்து வைப்பார்கள். கை ஓடத் தொடங்கியதும் பாட்டு வரும். "இது முட்டை உரிச்ச அன்னைக்குக் கட்டுனது", "இது அடுப்பு புகைஞ்சு கண்ணு எரிஞ்ச அன்னைக்கு" என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தார். மூன்று வருஷமாக எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அவர் இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

ஆச்சரியம் இன்னும் இருக்கிறது. அவர் முடிந்த பாட்டை மட்டும் சொல்லவில்லை. "மொதல்ல விளக்கேத்தின்னு பாடுனாங்க, அப்புறம் கடன்னு மாத்தினாங்க, அந்தப் பையன் சண்டை போட்டான்" என்று தப்பையும் திருத்தத்தையும் வரிசையாகச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. நல்ல பாட்டுகளைத் திரும்ப எழுதிவிடலாம். பிள்ளைகள் யோசித்த தடத்தை எங்கே போய்த் தேடுவது? அது அவர் காதில் பத்திரமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரே ஒரு சந்தேகம் கேட்டார். "இலை வெயில்ல சமைக்குதுன்னு பாடுறீங்க. ராத்திரியில அதுக்குச் சாப்பாடு?" இந்த இலைப் பாட்டை நூறு தடவை பாடியிருப்போம். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. தினமும் சமைக்கிறவருக்குத் தோன்றியது. பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தோம். பகலில் செய்ததில் ஒரு பங்கை இலை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது, இரவில் அதைச் சர்க்கரையாக்கிச் செலவழிக்கிறது. "அப்ப பழைய சோறு வெச்சுக்குது" என்றார் அக்கா. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை அப்படியே அடியாக்கிவிட்டாள். இலைப் பாட்டில் இப்போது ஓர் அடி கூடியிருக்கிறது.

அவர் சொன்னவை 31. பழைய மாணவர்கள் நாலு கொண்டுவந்தார்கள். இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. காந்தத்தைப் பற்றி ஒன்று, எறும்பு வரிசையைப் பற்றி ஒன்று. இதைப் படிக்கும் பழைய பிள்ளைகள் யாருக்காவது ஒரு வரி ஞாபகம் இருந்தாலும் பள்ளிக்கு வந்து பாடிவிட்டுப் போங்கள்.

இனி ஒவ்வொரு பாட்டும் மூன்று பிரதி எழுதப்படும். ஒன்று பள்ளியில், ஒன்று பிள்ளையின் வீட்டில், ஒன்று கிளை நூலகத்தில். புதுப் பாட்டு ஒன்று கட்டினால் முதலில் சமையல் கூடத்து வாசலில் நின்று பாடிக் காட்டிய பிறகுதான் நோட்டில் ஏறும். இது நானும் பிள்ளைகளும் சேர்ந்து எடுத்த முடிவு.

நோட்டின் அட்டையில் பாட்டுக் கட்டிய பிள்ளைகளின் பெயர்களோடு அக்காவின் பெயரையும் எழுதப் போனோம். வேண்டாம் என்று ரொம்ப நேரம் மறுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"போட்டுத்தான் ஆகணும்னா எங்கப்பா பேரையும் போடுங்க டீச்சர். நிலாப் பாட்டு மெட்டு அவரு ஏத்தம் எறைக்கும்போது பாடுனது. நான் இங்க முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் பசங்க எடுத்தாங்க."

இரண்டு பெயரும் அட்டையில் இருக்கின்றன. எழுதியது, கடன் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை.